மானுக்கு முறுக்குக் கொடுப்பது தர்மம் ஆகாதா?

கேள்வி: நான் செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் வசிக்கும் 68 வயதுப் பெண். கோயிலுக்குப் போகும்போது பொரிகடலையும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போய்க் குரங்குகளுக்குப் போடுவதும், வயலில் மேயும் மயில்களை வரவழைக்க வீட்டுப் பின்கட்டில் நெல் இறைப்பதும் எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் இருக்கும் வழக்கம். சென்ற மாதம் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைப்பக்கத்துப் புலிகள் காப்பகம் ஒன்றுக்குப் போயிருந்தோம். வீட்டில் சுட்ட முறுக்கையும் சீடையையும் சாலையோரம் நின்ற மான்களுக்குப் பிள்ளைகள் நீட்டினார்கள். வனக்காவலர் ஓடி வந்து தடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசிவிட்டார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்புமலை எங்களுக்குப் பக்கத்து மலை. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுப்பது எப்படிக் குற்றமாகும்? நாங்கள் நிறுத்திவிட்டால் அவை பட்டினி கிடக்காதா? ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு மலைக்கோயில் படியில் பழம் கொடுக்கும்போது குரங்கு ஒன்று பேரன் கையை இரத்தம் கசியப் பிறாண்டிவிட்டது. மஞ்சள் அரைத்துப் பூசினோம், ஆறிவிட்டது. அதற்காகக் குரங்கின்மேல் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கேள்விக்கு வருமுன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிறாண்டலைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும். நான் கால்நடை மருத்துவன். மனிதருக்கு வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ரேபிஸ் என்னும் வெறிநோயை மாட்டிலும் நாயிலும் நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைப் படித்து முடிப்பதற்குக்கூடக் காத்திராமல், பேரன் இருக்கும் ஊரிலேயே இன்றைக்கே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. குரங்கு உட்படப் பாலூட்டிகள் எதற்கும் அது வரலாம், வந்தால் அதன் எச்சில் பட்ட காயத்தின் வழியாக மனிதருக்கும் தொற்றலாம். குரங்கு தன் விரல்களை அடிக்கடி வாயில் வைத்துக்கொள்ளும் பிராணி என்பதால் நகக்கீறல்தானே என்று விட்டுவிட முடியாது. நோய்க்குறி தெரிய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். குறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே கொள்ளவேண்டும். அதனால்தான், காயம் ஆறி மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும், நேற்றுப் பட்டதைப் போலவே எண்ணித் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும் என்பது மருத்துவ விதி.

அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையானால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என்று நான்கு தவணை. ஒரு தவணையையும் விடக்கூடாது. இரத்தம் கசிந்த காயம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தகைய காயத்துக்குத் தடுப்பூசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசி ஒன்றும் உண்டு, அது இப்போது வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்வார். இனி ஒருபோதும் இப்படி நேரவேண்டாம். நேர்ந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் விடாமல் கழுவுவதே வீட்டில் செய்யவேண்டிய முதல் வைத்தியம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக்கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தர்மமா குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருப்பது தர்மம்தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தர்மம் கொடுக்கும்போது வாங்குபவரின் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துக் கொடுப்பதல்லவா நம் வழக்கம்? சர்க்கரை நோயாளி வந்திருக்கிறார் என்று தெரிந்தால் அவர் இலையில் அதிரசம் வைக்கமாட்டீர்கள். மானின் வயிறும் அப்படிப்பட்ட ஒன்றுதான் என்பதை எனக்கு உணர்த்தியது காடு இல்லை, நம் ஊர்க் கல்யாண வீடு ஒன்று.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதம், உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய கல்யாணம். பந்தி முடிந்து மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் வளவின் பின்புறத்துத் தெருவில் கொட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்ட பசுக்கள் இரண்டு அதை வயிறு முட்டத் தின்றுவிட்டன. இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தபோது ஒரு பசு தொழுவத்தில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுத்திருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் கையை மடக்கி அழுத்தினால், பாதி நிரம்பிய தோண்டியை ஆட்டினாற்போல் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. வாய் வழியாகக் குழாய் செலுத்தி எடுத்த நீரில், நாலு நாள் புளித்த நீராகாரத்தின் நெடி. அமிலத்தைச் சோதிக்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன், அதில் எண் குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கவேண்டியது 5-க்கும் கீழே போயிருந்தது. விடியும்வரை சமையல் சோடாக் கரைசலைக் குழாயில் ஊற்றியும் இரத்தக்குழாயில் மருந்து ஏற்றியும் போராடினோம். அந்தப் பசு மூன்றாம் நாள் எழுந்து நின்றது. மற்றதைக் கண்மாய்க் கரையில் காலையில்தான் கண்டுபிடித்தார்கள், அது இறந்துபோயிருந்தது.

நடந்தது இதுதான். மாடு, ஆடு, மான் எல்லாம் அசைபோடும் இனங்கள். அவற்றின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, புல்லையும் இலையையும் மெல்ல மெல்ல நொதிக்கவைத்து உணவாக்கித் தருகின்றன. சொல்லப்போனால் மான் தனக்காகத் தின்பதில்லை, அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி போடுகிறது. நார் மிகுந்த தழைக்குப் பழகிய அந்த உலகத்துக்குள் சோறு, ரொட்டி, முறுக்கு, பிஸ்கட், வாழைப்பழம் என்று மாவும் சர்க்கரையும் மொத்தமாகப் போய் விழுந்தால், அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி, நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். இரைப்பையின் உட்சுவர் வெந்துபோகும், உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், அமிலம் இரத்தத்தில் கலக்கும். ஒரு முறுக்கால் ஒரு மான் சாகாது என்பீர்கள், உண்மைதான். ஆனால் விடுமுறை நாளில் அந்தச் சாலையில் எத்தனை வண்டிகள் போயிருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை கைகள் நீண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் கொடுத்தது எத்தனையாவது முறுக்கு என்று உங்களுக்கும் தெரியாது, மானுக்கும் தெரியாது. பசுவுக்கு நள்ளிரவில் ஆளனுப்ப ஒரு சொந்தக்காரர் இருந்தார். மானுக்கு அப்படி ஒருவர் இல்லை. புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உணவோடு சேர்ந்து போவது வேறொன்றும் இருக்கிறது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் உறை மானின் மூக்குக்குப் பலகாரமாகவே மணக்கிறது. மாட்டின் வயிற்றைக் கீறிப் பாலித்தீன் பைகளைக் கயிறு கயிறாக உருவி எடுக்காத கால்நடை மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். ஜப்பானில் நாரா என்ற கோயில் நகரத்தில் மான்களைத் தெய்வத்தின் தூதர்களாகவே போற்றுகிறார்கள், அவற்றுக்கென்றே சர்க்கரை சேர்க்காத ஒரு வகை அப்பளத்தை விற்கிறார்கள். அவ்வளவு கவனமாக இருக்கும் ஊரிலேயே 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துக்குப் பிறகு இறந்த 14 மான்களைச் சோதித்தபோது 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, ஒன்றின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ. மானின் முதல் இரைப்பைக்குள் போன பிளாஸ்டிக் செரிப்பதும் இல்லை, சிக்கிக்கொண்டால் வெளியேறுவதும் இல்லை. வயிறு நிரம்பியதுபோலவே இருக்கும். மான் பட்டினியால் இளைத்துச் சாகும்.

குரங்கின் கதை வேறு, அது இன்னும் சிக்கலானது. நம் கோயில்களில் காண்பது தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு. தலைமயிர் நடுவில் வகிடெடுத்துக் குல்லாய் கவிழ்த்தாற்போல் படிந்திருக்கும். எங்கு பார்த்தாலும் கண்ணில் படுவதால் எண்ணிக்கை ஏராளம் என்று நினைக்கிறோம். உண்மையில் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுவிட்டது. சாலையோரத்திலும் கோயில் படியிலும் கூடியிருப்பதைக் கண்டு காடெல்லாம் நிறைந்திருப்பதாக எண்ணுவது, திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து ஊரின் மக்கள்தொகையைக் கணிப்பதைப் போன்றது.

ஓர் ஆவணி மாதக் காலை முழுவதும் ஒரு மலைக்கோயில் படிக்கட்டின் நடுமண்டபத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் வந்து ஒரு சீப்புப் பழத்தைப் படியில் வைத்தது. கூட்டத்தின் பெரிய கடுவன் முதலில் வந்து உட்கார்ந்தது. நான்கு பழங்களை இரண்டு கன்னப்பைகளிலும் அடைத்துக்கொண்டது, மீதியைக் காலடியில் போட்டுக்கொண்டது. பக்கத்தில் வந்த இளங்கடுவன் ஒன்றின் காதைக் கடித்தது. முன்னங்கை ஒடிந்து கோணலாகக் கூடிய கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று ஆறேழு படி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது, கடைசிவரை அதற்குத் தோல்கூடக் கிடைக்கவில்லை. வயிற்றில் குட்டியைச் சுமந்த தாய் ஒன்று ஒரு சிறுமியின் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறியது; உள்ளே இருந்ததைத் தின்று முடித்த பிறகும், பொட்டலத்தைப் பிரித்து உட்புறத்து வெள்ளிப்பூச்சை வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தது. குட்டி தன் சிறு விரல்களால் அந்த உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பசித்த உயிருக்குப் போய்ச் சேரும் என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் வலுத்த உயிருக்கே போய்ச் சேருகிறது. குட்டி எதைப் பார்த்து வளர்கிறதோ, அதையே உணவு என்று கற்றுக்கொள்கிறது.

காட்டில் அந்தத் தாய் குட்டிக்கு வேறு பாடம் நடத்தியிருக்கும். எந்த மாதம் எந்த ஆலமரம் பழுக்கும், புளியந்தளிர் எப்போது துளிர்க்கும், எந்தப் பட்டையை உரித்தால் புழு இருக்கும், எந்தக் காயைத் தொடக்கூடாது என்பதெல்லாம் தாயின் பின்னால் அலைந்து அலைந்து கற்கும் கல்வி. பகலின் பெரும்பகுதி அந்தத் தேடலிலேயே கழியும். படியில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும் என்றால் எந்தக் குரங்கு அலையும்? மீதிப் பொழுதெல்லாம் சண்டையிலும் பறிப்பிலும் கழிகிறது. இதனால் நட்டம் குரங்குக்கு மட்டுமில்லை. அத்திப் பழத்தையும் நாவல் பழத்தையும் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு வேறிடம் போய்க் கொட்டையைத் துப்புவதால்தான் தாய்மரத்தின் நிழலுக்கு வெளியே கன்று முளைக்கிறது. குரங்கு காட்டை விட்டுப் படிக்கட்டுக்கு வந்துவிட்டால், மலையின் மரங்கள் தம் விதையைத் தூவுபவரை இழந்துவிடுகின்றன.

அடுத்து நடப்பது உங்களுக்கே தெரிந்த கதை. பழம் கொடுக்காத கையைக் குரங்கு பிறாண்டுகிறது. பைகளைப் பறிக்கிறது. ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் இறங்குகிறது, தென்னையில் குரும்பையைத் திருகிப் போடுகிறது. ஊரார் மனுக் கொடுக்கிறார்கள். கூண்டு வருகிறது. கூட்டத்தைப் பிடித்துத் தெரியாத மலையொன்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டம் இவற்றை விரட்டுகிறது, இவை அடுத்த ஊருக்குள் இறங்குகின்றன. பேரன் கையில் பட்ட நகத்துக்காகக் குரங்கின்மேல் உங்களுக்கு வருத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அதை அப்படிப் பழக்கியவர்கள் நாம்தான் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

மயிலுக்கு வருகிறேன், ஏனெனில் இது உங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே நடப்பது. குன்றக்குடியை மயூரகிரி என்று அழைக்கும் மண் நம்முடையது. சிவகங்கைச் சீமையில் மயில் அகவாத விடியல் குறைவு. மயில் தானியம் மட்டும் தின்னும் பறவை இல்லை. கறையான், வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், சின்னப் பாம்பு என்று கிளறித் தின்னும், அதனால் வயலுக்கு அதனிடமிருந்து நன்மையும் உண்டு. ஆனால் நிலக்கடலையையும் நெல்நாற்றையும் அது கொத்துவதால் பாடுபட்ட விவசாயிக்கு ஏற்படும் இழப்பும் பொய்யில்லை. ஆத்திரத்தில் நஞ்சு கலந்த நெல்லை வரப்பில் தூவி மயில்களைக் கொன்ற கொடுமைகள் தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன. 1963 முதல் நம் தேசியப் பறவை அது. கொன்றால் ஏழாண்டு வரை சிறை என்று சட்டம் இருந்தும் நடந்திருக்கின்றன. இப்போது சொல்லுங்கள் ஆச்சி: மனிதர் கையிலிருந்து விழும் நெல்லைத் தினமும் நம்பித் தின்று பழகிய மயில், வரப்பில் கிடக்கும் நெல்லை எப்படிச் சந்தேகிக்கும்? உங்கள் வீட்டு நெல்லில் நஞ்சு இல்லை. ஆனால் தரையில் சிதறிக் கிடக்கும் நெல்லை நம்பலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் வீட்டு முற்றம்தான். இதை எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வனக்காவலர் பிள்ளைகள் முன்னிலையில் உங்களைக் கடிந்தது வலித்திருக்கும். இன்னும் பணிவாகச் சொல்லியிருக்கலாம் என்பதே என் கருத்தும். ஆனாலும் அவர் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. நாம் முறுக்கைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறோம். மான் அடுத்த வண்டிக்காகச் சாலையிலேயே நிற்கிறது. வேகமாக வரும் வண்டி அடிக்கிறது. சாலையோரத்தில் மான் கூடினால் அதைத் தேடிச் சிறுத்தை வருகிறது, அப்புறம் அச்சம் மனிதருக்கு. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்ததால், மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட வேண்டியதாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத இனம் அது. அடிபட்ட உடலைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துபவர் அந்தக் காவலர்தான். உயிரியல் பூங்காவில் பார்வையாளர் விலங்குக்கு உணவு கொடுப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38 ஜே பிரிவு வெளிப்படையாகவே தடைசெய்கிறது. காப்பகச் சாலைகளில் வனத்துறை அபராதம் விதிக்கிறது. அவர் தம் கடமையைத்தான் செய்தார்.

நாங்கள் நிறுத்திவிட்டால் பட்டினி கிடக்காதா என்பது உங்கள் கேள்விகளிலேயே ஆழமானது. இதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் நடந்ததைச் சொல்லவேண்டும். உலகின் முதல் தேசியப் பூங்காவாக 1872-இல் அமைந்த அது, கரடிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே பல பத்தாண்டுகளாகச் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கரடிக்கு ரொட்டி ஊட்டுவதும், விடுதிக் குப்பைமேட்டில் கரடிகள் தின்பதைக் கூட்டம் கூடிப் பார்ப்பதும் பெரிய வேடிக்கையாக இருந்தன. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் அங்கே கரடியால் காயப்பட்டார்கள். 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளை மூடி, உணவு கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுத்தபோது, மனித உணவே கதியென்று இருந்த கரடிகள் பல முகாம்களுக்குள் புகுந்தன; ஆபத்தானவை என்று அவற்றில் பலவற்றைக் கொன்றார்கள். அதற்குப் பின் வந்த தலைமுறைக் கரடிகள் காட்டு உணவுக்குத் திரும்பின, காயப்படும் மனிதர் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. ஊட்டிப் பழக்கியதன் விலையை அங்கே கரடிதான் கொடுத்தது.

நம் பக்கத்து நிலைமை அவ்வளவு கடுமையானது இல்லை. காப்பகத்து மான் உங்கள் முறுக்கை நம்பிப் பிறக்கவில்லை. நாலடி உள்ளே போனால் அதற்குப் புல் இருக்கிறது. மயிலுக்கு வயலும் புதரும் இருக்கின்றன. நெல் இறைப்பதை ஒரேயடியாக நிறுத்த மனம் வராவிட்டால், பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். கோயில் குரங்குகளைப் பொறுத்தவரை, நீங்கள் ஒருவர் நிறுத்துவதால் அவை அன்றைக்கே பட்டினி கிடக்கப்போவதில்லை. படியில் கிடைப்பது குறையக் குறைய அவை மலையின் பக்கம் தேடப் போகும், பெரிய கூட்டம் சிறு சிறு கூட்டங்களாகப் பிரியும். தலைமுறை தலைமுறையாகப் படிக்கட்டிலேயே வளர்ந்தவற்றுக்கு முதலில் சிரமம் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது பை பறிப்பதும் கொஞ்சம் கூடலாம். ஆகவே போகும்போது தின்பண்டம் வெளியே தெரியாதபடி துணிப்பையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்கின் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பதைப் போன்றவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேங்காய் மூடியைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைப்பதையும் எறும்புக்காக அரிசிமாவில் கோலம் போடுவதையும் நிறுத்தவேண்டுமோ என்று கலங்காதீர்கள். காக்கை மனிதரை ஒட்டியே வாழப் பழகிய பறவை. ஒரு கைப்பிடிச் சோற்றால் அது தன் பிழைப்பை மறப்பதில்லை, நம்மைக் கண்டு விலகும் எச்சரிக்கையையும் விடுவதில்லை. காட்டை வீடாகக் கொண்ட உயிர்களைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கொடுக்கவேண்டும் என்ற உங்கள் மனத்துக்கு வேறு வழி உண்டு, அது உங்கள் முன்னோர் போட்டுவைத்த வழிதான். நகரத்தார் ஊர்களில் ஊருணி வெட்டினார்கள். கரையில் ஆலும் அரசும் இலுப்பையும் நாவலும் நின்றன. ஓர் ஆலமரம் பழுத்தால் குரங்கு, அணில், கிளி, குயில், வௌவால் என்று ஒரு பெரும் பந்தியே அங்கு நடக்கும். கடுவனும் கிழட்டுப் பெண்குரங்கும் வேறு வேறு கிளையில் உட்கார்ந்து தின்ன இடமிருக்கும். ஓர் ஊருணியைத் தூர்வாரி, கரையில் பத்து அத்திக் கன்றும் நாவல் கன்றும் வைத்து மூன்று கோடை தண்ணீர் ஊற்றி ஆளாக்கினால், நூறாண்டு அன்னதானம் அது. பாரியை நினைவூட்டியிருந்தீர்கள். அவன் முல்லைக்குத் தேரைத்தான் கொடுத்தான். படர்வதற்குக் கொம்பு இல்லாத கொடிக்கு அதுவே தேவையாக இருந்தது. தனக்குப் பிடித்த பலகாரத்தை அவன் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன், அதுவும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டிய கண்மாய்கள் 1977-இல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மழைக்காலத்துக்குப் பின் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்தப் பறவைகளுக்கு ஊரார் யாரும் இரை போடுவதில்லை. அவற்றுக்காக ஊரார் செய்திருப்பது வேறு: பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்கூட வேட்டு இல்லை. கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் குஞ்சு வெயிலில் வெந்துவிடும், பருந்துக்கு இரையாகும் என்று தெரிந்த மக்கள் அவர்கள். மத்தாப்புக்கு ஏங்கும் பிள்ளைகள் அந்த ஊரிலும் இருக்கின்றன, அவையும் பறவைக்காகப் பொறுத்துக்கொள்கின்றன. உயிர்களின்மேல் வைத்த அன்பு இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாகவும் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழி, தை மாதங்களில் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்தால் ஒரு காலையில் அவர்களை அங்கே அழைத்துப் போங்கள். இருகண் தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்துக் கரையில் உட்காரவையுங்கள். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த அலகால் நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். மான் அருகில் வந்து கையில் முறுக்கு வாங்கித் தின்னும் மகிழ்ச்சி இதில் இருக்காது. அதற்கு ஈடாக வேறொரு மகிழ்ச்சி இருக்கும், பிள்ளைகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். முறுக்கையும் சீடையையும் டப்பாவிலேயே வைத்திருந்து, வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் தடுப்பூசி. முதல் தவணை போட்ட தேதியை ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பினால், என் மனமும் ஆறுதல் அடையும்.